வெளிநாட்டு ஆய்வகம் வரச் சொல்கிறது, நிதிக்கு எங்கே போவது?

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். கிணற்று நீரில் நைட்ரேட் கலப்பது பற்றிய ஆய்வு. ஜெர்மனியில் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களை) அளக்கும் ஆய்வகம் வைத்திருக்கும் ஒரு பேராசிரியருக்கு, ஆறு மாதம் அங்கே வந்து வேலை செய்யலாமா என்று எழுதினேன். "உங்கள் ஆய்வு சுவாரசியமாக இருக்கிறது. சொந்த நிதியோடு வந்தால் இடம் தரலாம்" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. என் நெறியாளரோ, "முதலில் இங்கே இருக்கிற வேலையை முடி" என்கிறார். இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கான உதவித்தொகைகள் வருகின்றன. எது எனக்கானது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பணம் கட்டினால் உதவித்தொகை வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. எனக்கு மூன்று வயதில் குழந்தை இருக்கிறது. பட்டம் வாங்கிய பிறகு போவதுதான் நல்லதா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

கன்சல்டன்சி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி., ஹம்போல்ட் அறக்கட்டளை, அமெரிக்காவின் ஃபுல்பிரைட், பிரிட்டனின் காமன்வெல்த் உதவித்தொகை எதற்குமே விண்ணப்பக் கட்டணம் கிடையாது. உங்கள் ஆய்வுத் திட்டத்தைப் படித்து முடிவு எடுப்பவர்கள் அந்தத் துறை அறிஞர்கள். நடுவில் ஆள் வைத்து ஆகக்கூடிய காரியம் இல்லை இது. ஆய்வுத் திட்டத்தையும் நாங்களே எழுதித் தருகிறோம் என்று சொல்லியிருப்பார்கள். அதற்கும் சம்மதிக்காதீர்கள். தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். தான் எழுதாத திட்டத்தோடு வருபவரை நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடலாம். "இந்த முறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது.

இனி அந்தப் பேராசிரியரின் இரண்டு வரிக்கு வருவோம். அதை நீங்கள் ஒரு மறுப்பாகப் படித்திருப்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. நான் அதைப் பாதிச் சம்மதமாகப் படிக்கிறேன். ஒரு ஆய்வகத் தலைவரிடம் இருக்கும் பணம் பெரும்பாலும் ஏதாவது ஒரு திட்டத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. அதில் இருந்து வேறொரு பல்கலைக்கழகத்து மாணவிக்கு மாதப்பணம் கொடுக்க அவரால் முடியாது. விருப்பம் இல்லாமல் அப்படி எழுதவில்லை. "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, தங்கள் ஆய்வகத்தில் சேர ஆவலாக உள்ளேன்" என்று பெயரை மட்டும் மாற்றி நூறு பேருக்கு அனுப்பப்படும் கடிதங்கள் அவர் பெட்டியில் நாள்தோறும் வந்து விழும். அவற்றுக்குப் பதில் போவதே இல்லை. உங்களுக்குப் பதில் வந்திருக்கிறது, அதிலும் ஆய்வைப் படித்துவிட்டு வந்திருக்கிறது. உங்கள் கையில் இருப்பதிலேயே மதிப்புள்ளது இதுதான். நூற்றுக்கணக்கான உதவித்தொகைகளின் பட்டியலை மூடி வைத்துவிட்டு, இந்தப் பாதிச் சம்மதத்தைக் கடிதத்தலைப்பில் கையெழுத்தோடு வரும் முழுச் சம்மதமாக மாற்றுங்கள்.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஆய்வுக்கான வெளிநாட்டு நிதி ஏறக்குறைய எல்லாமே அழைக்கும் பேராசிரியரைச் சுற்றித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. டி.ஏ.ஏ.டி. ஆய்வு உதவித்தொகைக்கு அவருடைய ஒப்புதல் கடிதம் வேண்டும். ஹம்போல்ட் ஃபெல்லோஷிப்புக்கு அவர் தனியாக ஒரு மதிப்பீடு எழுத வேண்டும். ஜப்பானின் அறிவியல் வளர்ச்சிக் கழகமான ஜே.எஸ்.பி.எஸ். தரும் ஃபெல்லோஷிப்பில் விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பதே அங்குள்ள பேராசிரியர்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்பில் விண்ணப்பம் அழைக்கும் நிறுவனத்தின் பெயரில்தான் போகிறது. நிதியைத் தேடி அலுத்துப்போகும் மாணவர்கள் பலர் முதலில் உதவித்தொகையைப் பிடித்துவிட்டு, கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பேராசிரியரைத் தேடுகிறார்கள். நீங்கள் அந்த வரிசையில் இல்லை என்பதே நல்ல சேதி.

இந்த வாரமே அவருக்குப் பதில் எழுதுங்கள். நீளமாக வேண்டாம். இப்படி ஒரு சாரம் போதும்: "பதிலுக்கு நன்றி. நிதிக்கு டி.ஏ.ஏ.டி.யில் விண்ணப்பிக்க இருக்கிறேன். அதற்குத் தங்கள் அழைப்புக் கடிதம் தேவை. ஒரு பக்க வேலைத்திட்டம் இணைத்திருக்கிறேன். அதில் எதை மாற்ற வேண்டும் என்று சொன்னால் மாற்றி அனுப்புகிறேன்." கடைசி வாக்கியம் முக்கியம். திட்டத்தில் அவர் ஒரு இடத்தைத் திருத்தினாலும் அது அவருடைய திட்டமாகவும் ஆகிவிடுகிறது. பிறகு நான்கு விஷயங்களைக் கூச்சப்படாமல் கேளுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? கருவியில் எனக்கு எத்தனை நாள் கிடைக்கும்? அன்றாடம் யார் எனக்கு வழிகாட்டுவார்? பெஞ்ச் ஃபீ உண்டா? இந்த நான்காவதைத்தான் எல்லோரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். மாதிரிகளைக் கருவியில் ஓட்டி அளப்பதற்கு ஆகும் செலவை வெளியிலிருந்து வரும் மாணவரிடம் வசூலிக்கும் ஆய்வகங்கள் உண்டு. உங்கள் உதவித்தொகை சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும்தான் கணக்கிடப்பட்டது, கருவிக்கு அல்ல. போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்தால் சங்கடம். கட்டணம் இல்லை என்றால், "ஆய்வகச் செலவை நாங்கள் ஏற்கிறோம்" என்ற ஒரு வரியை அழைப்புக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தேர்வுக் குழுவுக்கு அந்த ஒரு வரி, அவர் உங்களை உண்மையிலேயே விரும்புகிறார் என்று சொல்லும்.

அடுத்து, அந்த நூற்றுக்கணக்கான பட்டியல். ஒவ்வொரு அறிவிப்பையும் எடுத்து, இது எந்தப் படிநிலையில் இருப்பவருக்கு, எத்தனை மாதத்துக்கு, எந்த நாட்டுக் குடிமக்களுக்கு என்று மட்டும் கேளுங்கள். முக்கால்வாசி அங்கேயே உதிர்ந்துவிடும். பிரிட்டன் அரசின் ஷெவனிங் உதவித்தொகை பிரபலம்தான், ஆனால் அது ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு. எராஸ்மஸ் முண்டுஸ் என்பது பல நாடுகளில் சேர்ந்து நடக்கும் முதுகலைப் படிப்புக்கு. ஹம்போல்ட், மேரி கியூரி போஸ்ட்டாக், ஜே.எஸ்.பி.எஸ்.ஸின் வழக்கமான ஃபெல்லோஷிப் எல்லாம் முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு. ஆய்வு நடுவில் ஆறு மாதம் வெளியே போக நினைக்கும் மாணவிக்கு எஞ்சுபவை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். அது குறையே இல்லை. ஐந்துக்கு ஒழுங்காக விண்ணப்பிப்பது, ஐம்பதுக்கு அரைகுறையாக விண்ணப்பிப்பதைவிட எவ்வளவோ மேல்.

உங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது டி.ஏ.ஏ.டி.தான். 1925இல் தொடங்கிய அமைப்பு. வெளிநாட்டு மாணவர்களையும் ஆய்வாளர்களையும் ஜெர்மனிக்கு வரவழைப்பதும் ஜெர்மானியர்களை வெளியே அனுப்புவதும் அதன் வேலை. சொந்த நாட்டில் பதிவு செய்து ஆய்வு செய்பவர்கள் சில மாதம் ஜெர்மனிக்கு வந்து போக அதில் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை உண்டு. நீங்கள் கேட்கும் ஆறு மாதம் அதற்குள் வரும். மாதத்தொகை, பயணப்படி, மருத்துவக் காப்பீடு அதில் சேர்ந்திருக்கும். இன்னும் நீண்ட காலம் தேவைப்பட்டால், இரண்டு நாட்டிலும் ஒவ்வொரு நெறியாளர் இருக்கும் கூட்டு வழிகாட்டுதல் திட்டம் இருக்கிறது. விண்ணப்பிக்கும் நேரத்தில் ஏற்கெனவே 15 மாதத்துக்கு மேல் ஜெர்மனியில் வசித்திருக்கக் கூடாது, கடைசியாக வாங்கிய பட்டம் ஆறு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது போன்ற விதிகள் வழக்கமாக இருக்கும். உங்கள் முதுகலைக்கும் ஆய்வுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் இந்த இரண்டாவது விதியை உடனே பாருங்கள். குழந்தை பிறப்பு போன்ற காரணங்களைத் தனியாகக் குறிப்பிட இடம் இருக்கும், அதை நிரப்பத் தயங்காதீர்கள். திட்டத்தின் பெயரும் விதியும் நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், டி.ஏ.ஏ.டி.யின் தரவுத்தளத்தில் உங்கள் நாட்டையும் படிநிலையையும் தேர்ந்தெடுத்து அங்கே வரும் அறிவிப்பை மட்டும் நம்புங்கள். யூடியூப் காணொளியில் போன வருடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவதாகச் சொல்லப்போவதை உங்கள் பட்டியலில் நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பே குறைவு. பொதுவான உதவித்தொகைகளில் மருத்துவம் முதல் மானுடவியல் வரை எல்லோரும் மோதுகிறார்கள். ஒரு துறைக்கென்றே இருக்கும் நிதியில் கூட்டம் குறைவு. உங்கள் துறையில் அப்படி ஒன்று உண்டு. நீரில் ஐசோடோப் அளவிடுவது அணு சார்ந்த நுட்பங்களில் ஒன்றாகக் கருதப்படுவதால், பன்னாட்டு அணுசக்தி முகமை பல பத்தாண்டுகளாக அதை வளர்த்து வருகிறது. வியன்னாவில் அதற்கென்றே ஐசோடோப் நீரியல் ஆய்வகம் வைத்திருக்கிறது. உறுப்பு நாடுகளில் இருந்து பயிற்சிக்கு ஆட்களை அனுப்ப அதன் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தில் ஃபெல்லோஷிப் உண்டு. நீங்கள் நேரே முகமைக்கு எழுதிப் பயனில்லை. உங்கள் நாட்டு அரசில் அதற்கென்று உள்ள தொடர்பு அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். இத்தாலியில் திரியெஸ்தே நகரில், அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையமும் இந்த முகமையும் சேர்ந்து 'சாண்ட்விச்' முறையில் ஒரு திட்டம் நடத்துகின்றன. வளரும் நாடுகளின் முனைவர் பட்ட மாணவர்கள் சொந்த நாட்டிலேயே பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டு, நடுநடுவே சில மாதங்கள் வெளியே போய் வேலை செய்துவிட்டுத் திரும்பலாம். இது ஜெர்மனிக்கு அனுப்பாது. ஆனாலும் உங்களுக்குத் தேவை ஜெர்மனியா, அந்தக் கருவியா என்ற கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே போல மற்றத் துறைகளுக்கும் உண்டு. உயிரியலில் இருப்பவர்களுக்கு ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போவின் அறிவியல் பரிமாற்ற உதவி அதிகபட்சம் மூன்று மாதம். ஒரு குறிப்பிட்ட பரிசோதனையை வேறொரு ஆய்வகத்தில் கற்றுக்கொண்டு வருவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. எந்தெந்த நாடுகளுக்கு இடையே என்ற வரம்பு மட்டும் உண்டு. வரலாறு, மொழி, சமயம் என்று ஆய்வு செய்பவர்கள் ஆய்வகத்துக்குப் பதிலாக ஆவணக்காப்பகங்களையும் நூலகங்களையும் பார்க்க வேண்டும். ஒரு தொகுப்பைப் படிப்பதற்கென்றே சில வாரங்களுக்கு நிதி தரும் நூலகங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறைய. ஆசியப் பல்கலைக்கழகங்களில் மொழி, வரலாறு போன்ற மனிதவியல் துறைகளிலும் சமூக அறிவியலிலும் இருக்கும் ஆய்வாளர்களுக்கு 1928இல் தொடங்கிய ஹார்வர்ட்-யென்சிங் நிறுவனம் ஒரு நல்ல வாசல், ஆனால் உங்கள் நிறுவனம் அதன் கூட்டாளியாக இருக்க வேண்டும். கேட்டவருக்கு இது தேவையில்லை, படிப்பவர்களில் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

மூன்றாவது வழி உங்கள் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில், ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களோடு மாணவர் பரிமாற்றம் செய்ய நிதி உண்டு. தனிநபர் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஒப்பந்தம் இருந்தால், அதற்குள் இடம் இருக்கும். பல இடங்களில் அந்த இடங்கள் கேட்பாரில்லாமல் காலியாகவே போகின்றன. வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்துக்கு நேரில் போய், "எந்த ஜெர்மன் பல்கலைக்கழகங்களோடு நமக்கு ஒப்பந்தம் இருக்கிறது? முனைவர் பட்ட மாணவர்களுக்கு இடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டால் பதில் வர மாதமாகும். ஃபிரான்ஸின் ஐஃபெல் உதவித்தொகையும் இதே வகை, அங்குள்ள நிறுவனம்தான் மாணவரை முன்மொழிய வேண்டும். பிரிட்டனுக்கு என்றால், காமன்வெல்த் நாட்டு மாணவர்களுக்கு 'ஸ்பிளிட்-சைட்' உதவித்தொகை இருக்கிறது. சொந்தப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கான ஆய்வின் 12 மாதங்களை அங்கே செய்யலாம். ஸ்விட்சர்லாந்து அரசின் உதவித்தொகைக்கு வாசல் அந்நாட்டுத் தூதரகம்.

இனி ஆய்வுத் திட்டம். நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். குழுவில் உட்காரும்போது நான் அதிகம் படித்த வாக்கியம் இதுதான்: "தங்கள் ஆய்வகம் உலகத்தரம் வாய்ந்த வசதிகள் கொண்டது. அங்கே நவீன நுட்பங்களைக் கற்று என் ஆராய்ச்சித் திறனை மேம்படுத்திக்கொள்ள விரும்புகிறேன்." இதில் ஒரு பொய்யும் இல்லை, ஆனால் யாரும் எந்த ஆய்வகத்துக்கும் எழுதலாம். குழுவுக்கு முன்னால் அன்றைக்கு எழுபது விண்ணப்பம் இருக்கும். அதில் முப்பதில் இந்த வாக்கியம் இருக்கும்.

உங்கள் ஆய்வை வைத்தே சொல்கிறேன். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. உங்கள் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருக்கும். அளவு தெரிந்துவிட்டது, ஆனால் எங்கிருந்து வருகிறது? வயலுக்குப் போடும் உரமா, கழிவுநீரா? அளவை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது. தொழிற்சாலை உரத்தில் இருக்கும் நைட்ரஜன் காற்றிலிருந்து எடுக்கப்பட்டது, அதனால் அதன் நைட்ரஜன்-15 விகிதம் காற்றைப் போலவே இருக்கும். கழிவுநீரிலும் சாணத்திலும் லேசான நைட்ரஜன் அமோனியாவாக ஆவியாகிப் போவதால் மிச்சத்தில் கனமான நைட்ரஜன்-15 கூடிவிடும். நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜன்-18ஐயும் சேர்த்து அளந்தால் மூலம் எது என்பது இன்னும் தெளிவாகத் தெரியும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்த நான்கு வாக்கியத்தை உங்கள் திட்டத்தின் முதல் பத்தியில் எழுதியிருக்கிறீர்களா?

எழுதினால் அடுத்த பத்தி தானாக வரும். "எண்பது கிணறுகளின் மாதிரிகளை வடிகட்டி உறையவைத்திருக்கிறேன். நைட்ரேட்டைப் பாக்டீரியா மூலம் நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றி அளக்கும் அமைப்பு என் பல்கலைக்கழகத்தில் இல்லை, இந்த ஆய்வகத்தில் இருக்கிறது. முதல் மாதம் முறையைக் கற்று, அடுத்த மூன்று மாதம் மாதிரிகளை ஓட்டுவேன். மிச்ச இரண்டு மாதம் கணக்கீடும் கட்டுரையும்." எண்களை உங்கள் எண்களாக மாற்றிக்கொள்ளுங்கள். இதைப் படிக்கிறவருக்கு ஏன் அங்கே, ஏன் ஆறு மாதம், ஏன் நீங்கள் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்துவிடுகிறது. சாணத்தையும் மனிதக் கழிவையும் நைட்ரஜன் மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். போரான் ஐசோடோப்பை அடுத்த கட்டமாக யோசித்திருப்பதாக ஒரு வரி சேருங்கள். தன் முறையின் எல்லையைத் தானே சொல்லும் விண்ணப்பம் குழுவில் மரியாதை பெறும், நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

திட்டத்தைத் துறை தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். குழுவில் நீரியல் தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார், மற்றவர்கள் வேதியியலாளராகவோ பொறியாளராகவோ இருக்கலாம். முதல் பக்கத்தை அவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

நெறியாளரைப் பற்றி. அவர் மேல் உங்களுக்குக் கோபம் இருப்பது தெரிகிறது, நியாயமும் இருக்கலாம். ஆனால் அவர் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் பாருங்கள். தன் மாணவி ஆறு மாதம் காணாமல் போவார், தரவு வேறொருவர் கைக்குப் போகும், கட்டுரையில் தன் பெயர் எங்கே வரும் என்று தெரியாது, பட்டம் தள்ளிப்போனால் கேள்வி கேட்கப்படுபவர் அவர்தான். "அனுமதி கொடுங்கள்" என்று கேட்காமல், இந்தக் கவலை ஒவ்வொன்றுக்கும் பதிலோடு போங்கள். போவதற்கு முன் இங்கே என்னென்ன முடித்திருப்பேன் என்று மாதவாரியாக ஒரு தாள். கட்டுரையில் யார் யார் ஆசிரியர் என்று மூன்று பேரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம் என்ற யோசனை. முடிந்தால் அந்த ஜெர்மன் பேராசிரியரோடு மூவரும் ஒரு காணொளி உரையாடல். இரண்டு பேராசிரியர்களும் நேரடியாகப் பேசிக்கொண்ட பிறகு எதிர்ப்பு பாதியாகக் குறையும். அவருடைய பரிந்துரைக் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் நகராது என்பதால் இது மனத்தாங்கலோடு முடியக் கூடாது. கடிதம் கேட்கும்போது ஒரு மாத அவகாசம் கொடுங்கள், கூடவே உங்கள் திட்டத்தையும், நீங்கள் செய்த வேலைகளில் அவர் குறிப்பிடக்கூடியவற்றையும் எழுதிக் கொடுங்கள். "நல்ல மாணவி, உழைப்பாளி" என்று நான்கு வரி வரும் பரிந்துரை உங்களுக்குத் தீங்குதான் செய்யும்.

மாதிரிகளை நாட்டைவிட்டு எடுத்துப்போக அனுமதி தேவையா என்பதையும் அவரிடமே கேளுங்கள். நீர் மாதிரிக்குச் சில நாடுகளில் சிக்கல் இருக்காது, மண், உயிர்ப்பொருள் என்றால் தாள்கள் நிறைய. பெட்டி சுங்கத்தில் நின்றால் உங்கள் ஆறு மாதம் நான்கு மாதமாகிவிடும்.

குழந்தையைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது உங்கள் கடிதத்தின் கனமான வரியாகப் பட்டது. நேராகச் சொல்கிறேன். டி.ஏ.ஏ.டி.யில் குடும்பப்படியும் வாடகை உதவியும் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர்களுக்குத்தான். அதனால் ஆறு மாதம் என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்கு உங்களுக்கு எதிராகவே வேலை செய்யலாம். குழந்தையை அழைத்துப்போவது என்று முடிவானால், ஏழு, எட்டு மாதமாகத் திட்டமிட முடியுமா, அதற்கேற்ற திட்டம் உங்கள் நாட்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். 90 நாளைத் தாண்டினால் ஷெங்கன் விசா போதாது, ஜெர்மனியின் தேசிய விசா வேண்டும். குழந்தைக்குத் தனி விண்ணப்பம், தனிக் காப்பீடு. குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைப்பது அங்கே பெரிய பாடு, பல பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு உதவும் மையம் இருக்கிறது, விசா வந்த பிறகு கேட்காமல் அழைப்புக் கடிதம் வந்த அன்றே அங்கே எழுதுங்கள். அழைத்துப்போக முடியாது என்றால், மூன்று மாதமாகச் சுருக்கி, முறையைக் கற்பதற்கும் முக்கியமான மாதிரிகளுக்கும் மட்டும் போய்வந்து, மிச்சத்தை அவர்களே ஓட்டித் தருவார்களா என்று கேட்பதும் ஒரு வழி. இரண்டில் எதுவும் குறைந்ததல்ல. "தாய் என்பதால் ஆய்வில் அக்கறை குறைவு" என்று குழு நினைக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

பணத்தில் இன்னொரு பொத்தல்: சிறிய பயண உதவிகள் பல, செலவு செய்து ரசீது கொடுத்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். மாதத்தொகையும் அங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வரும். முதல் மாத வாடகை, வீட்டுக்கு முன்பணம், விசாச் செலவு இவற்றுக்குக் கையில் தொகை வேண்டும். கடன் வாங்க வேண்டியிருந்தால் எவ்வளவு என்று இப்போதே தெரிந்திருக்கட்டும்.

பட்டம் முடித்த பிறகு போகலாமா என்ற கேள்விக்கு என் பதில்: முடிந்தால் இப்போது போங்கள், பிறகும் போங்கள். பட்டத்துக்குப் பிறகு பெரிய நிதிகள் திறக்கும், ஆனால் அவற்றுக்கு ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும். ஹம்போல்ட்டின் போஸ்ட்டாக் பிரிவுக்கு முனைவர் பட்டம் வாங்கி நான்கு ஆண்டுக்குள். ஜே.எஸ்.பி.எஸ்.ஸுக்கு ஆறு ஆண்டுக்குள். மேரி கியூரிக்கு எட்டு ஆண்டு ஆய்வு அனுபவம் வரை. குழந்தை வளர்ப்புக்காக எடுத்த இடைவெளியை ஹம்போல்ட்டும் மேரி கியூரியும் கணக்கில் கொள்கின்றன. ஹம்போல்ட்டில் நாட்டுக்கு இத்தனை, துறைக்கு இத்தனை என்ற ஒதுக்கீடு கிடையாது. அங்கே எடைபோடப்படுவது உங்கள் கட்டுரைகளும் அழைக்கும் பேராசிரியர் உங்களைப் பற்றி எழுதும் மதிப்பீடும். ஆறு மாதம் கூடவே வேலை செய்த ஒருவர் எழுதுவதும், இரண்டு மின்னஞ்சல் மட்டும் பார்த்த ஒருவர் எழுதுவதும் ஒன்றாக இருக்குமா?

நடமாட்ட விதியை மட்டும் கவனியுங்கள். மேரி கியூரியில், கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் எந்த நாட்டில் வசித்தீர்களோ, வேலை செய்தீர்களோ, அந்த நாட்டுக்குப் போக விண்ணப்பிக்க முடியாது. இப்போது ஆறேழு மாதம் போய்வந்தால் சிக்கல் இல்லை. கூட்டு வழிகாட்டுதலில் இரண்டு ஆண்டு ஜெர்மனியில் இருந்துவிட்டு உடனே அதே நாட்டுக்கு மேரி கியூரி கேட்டால் கதவு மூடியிருக்கும். அமெரிக்காவை யோசித்தால், ஃபுல்பிரைட் போன்ற அரசு நிதியில் பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசாவில் போகிறவர்கள் திரும்பி வந்து இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்த பிறகுதான் அங்கே வேலைக்கான ஹெச்-1பி விசாவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ (கிரீன் கார்டு) கேட்க முடியும். கையெழுத்துப் போடும் முன் இதைக் குடும்பத்தோடு பேசிவிட வேண்டும்.

கிடைக்காமல் போகலாம் என்பதற்கும் தயாராக இருங்கள். மேரி கியூரி போஸ்ட்டாக்குக்கு 2024இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள், சுமார் 1,700 பேருக்குக் கிடைத்தது. நிராகரிக்கப்பட்டவர்களில் மிக நல்ல விண்ணப்பங்கள் ஏராளம். அந்தத் திட்டத்தில் மதிப்பீட்டாளர்களின் கருத்துகள் எழுத்தில் வரும், அதை வைத்துத் திருத்தி அடுத்த முறை வெல்பவர்கள் உண்டு. காரணம் சொல்லாமல் மறுக்கும் அமைப்புகளில், உங்கள் பேராசிரியரிடமே திட்டத்தைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்திலிருந்து விமானம் ஏறும் வரை ஏறக்குறைய ஓராண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள், மூன்றாம் ஆண்டின் நடுவில் போனால் மாதிரிகள் தயாராக இருக்கும், எழுதுவதற்கும் நேரம் மிஞ்சும். ஆகவே இந்த வாரம் பேராசிரியருக்குப் பதில், அடுத்த வாரம் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகம், அதற்குள் ஒரு பக்க வேலைத்திட்டம். பெஞ்ச் ஃபீ பற்றி அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். திட்டத்தின் முதல் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினால் படித்துக் கருத்துச் சொல்கிறேன்.